டிவிக்குள் இருந்த என் காடு

கோவில்பட்டியில் இன்று எனக்கு மூன்று செல்போன் கடை. எட்டாவதோடு நின்றவன் நான். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் யாராவது என் பெருமையைக் கேட்டால் இதையெல்லாம் இரண்டாவதாகத்தான் சொல்வேன். இந்த ஊரில் டிவிக்குள் முதன்முதலாக வெள்ளாமை எடுத்தவன் நான்தான். அதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பதினொரு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எங்கள் ஊர் பஸ் வருவதற்குள் அங்கே நுழைந்துவிடுவேன். கூட்டமெல்லாம் சண்டைக்கும் கார் ரேசுக்கும்தான். மூலையில் ஓர் அட்டைப்பெட்டியில் யாரும் சீண்டாத சிடிகள் கிடக்கும். அவற்றுக்குப் பாதிக் காசு. அந்தப் பெட்டிக்கு நான்தான் ராஜா.

மேளம் அடிக்கிற ஆட்டம் ஒன்று, தூண்டில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆட்டம் ஒன்று, பாழடைந்த பங்களாவில் டார்ச் அடித்துப் பேய் தேடுகிற ஆட்டம் ஒன்று. எல்லாம் ஜப்பான் எழுத்து. ஒருவருக்கும் பெயர் தெரியாது, நானே வைத்தேன். கோட்டுக்கு நேராக ரயிலை நிறுத்தும் ஆட்டத்துக்கு, எங்கள் பக்கத்து ஜங்ஷன் நினைவாக, ‘மணியாச்சி’ என்று பெயர். ஒரு சாண் கூடத் தள்ளி நிறுத்தமாட்டேன்.

எனக்கு மசியாதது ஒன்றே ஒன்றுதான், விவசாய ஆட்டம். தொப்பி போட்ட ஒரு பையன், ஒரு வீடு, ஒரு குளம், கல் நிறைந்த காடு. மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கம் காடு என்றுதான் பெயர். கல்லைப் பொறுக்கினேன், கொத்தினேன், விதைத்தேன். பிறகு மழைக்குக் காத்திருந்தேன். வேறென்ன செய்வது? பையனைத் தூங்க வைப்பேன், எழுப்புவேன், வானத்தைப் பார்ப்பேன். மழை வராது. பையனுடைய சாமான்களில் மூக்கு வைத்த தகரக் கேன் ஒன்றும் இருந்தது. களையெடுப்பவர்களுக்கு டீ வாங்கிவரும் கேன் என்று நினைத்து அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

கடைக்கார அண்ணாச்சிக்கு அது தினப்படி வேடிக்கை. “ஏலே சம்சாரி, மழை வந்துட்டா?” என்பார். எங்கள் பக்கம் விவசாயிக்குச் சம்சாரி என்று பெயர். கடையே சிரிக்கும். கடைசியில் ஒரு நாள், “சனிக்கிழமை மதுரைக்காரர் வாராரு. இந்தச் சிடியைக் குடுத்துட்டு வேற வாங்கப் போறேன். அதுக்குள்ள ஒரு செடியாவது எடுத்துக் காட்டு, வச்சிக்கிடுதேன்” என்றார்.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தேன். விதைத்து நாலு நாள் ஆகியிருந்தது, அதாவது டிவிக்குள். அப்போது வாசலில் நிழல் தட்டியது. திரும்பினால் அப்பா. தோளில் விதைப்பை. அந்த வருடம் முதல் விதைப்பு மழையில்லாமல் புழுதிக்குள்ளேயே செத்துப்போய், இரண்டாவது தடவையாக விதை வாங்க டவுனுக்கு வந்திருந்தார். நான் இங்கே இருப்பதை யாரோ சொல்லிவிட்டார்கள்.

அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். விழவில்லை. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு காடுலே இது?”

“என் காடுதாம்ப்பா.”

“எப்பம் வெதச்ச?”

“நாலு நாளாச்சு.”

“மழை?”

“வரல.”

அப்பா பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “வடக்க மின்னுதான்னு பாரு” என்றார். பையனை வடக்கே நடத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். மின்னவில்லை.

கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அண்ணாச்சி, அப்பனும் மவனுமா டிவிகிட்ட மழை கேக்குதீங்களா?”

“வெதச்சவன் கேக்கத்தான் செய்வான்” என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டீ கேனைப் பையன் கையில் கொடுத்து, குளத்தங்கரையில் நிறுத்தி, எல்லாப் பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். பையன் குனிந்தான். தண்ணீர் மொண்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைக் காட்டுக்கு ஓட்டி, மறுபடியும் அமுக்கினேன். மூக்கு வழியாகத் தண்ணீர் பூவாகக் கொட்டியது. மண் கறுத்தது.

காட்டுக்குக் கேனில் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எவன் கண்டான்! ஒவ்வொரு குழிக்கும் ஊற்றினேன். தூங்க வைத்து எழுப்பினேன். முளை. மறுபடி ஊற்றினேன். இலை. நான்காம் நாள் பையன் மண்ணிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், வெள்ளை வெளேரென்று ஒரு முள்ளங்கி. சண்டை ஆட்டத்துக்காரர்கள்கூட எழுந்து வந்து கத்தினார்கள். கடைக்காரர் அந்தச் சிடியைத் துடைத்துத் தன் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். “சம்சாரி ஜெயிச்சுட்டான்லே!” என்றார். இன்று அந்தக் கடை இல்லை. இருந்திருந்தால் அண்ணாச்சியைச் சாட்சிக்குக் கூட்டிவருவேன்.

அப்பா மட்டும் முள்ளங்கியைப் பார்க்கவில்லை. “அந்தக் குளத்துல இன்னும் தண்ணி கெடக்கா?” என்று கேட்டார்.

“கெடக்கு.”

“இன்னொருக்கா மொள்ளு.”

மொண்டேன். தரையில் ஊற்றினேன்.

“இன்னொருக்கா.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அது போகட்டும் என்றார். பத்துத் தடவை இருக்கும், இருபது இருக்கும். குளம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அப்பா இன்னும் முன்னால் நகர்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, திரைக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்தார். கையால் மட்டும், ‘மொள்ளு, மொள்ளு’ என்று காட்டினார்.

என் கட்டைவிரலின் வேகத்தைப் பார்த்துத்தான் மனிதர் அசந்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக மொண்டேன்.