குழாய் வராத தடம்

எண்ணெய்க் கடைக் குப்புராஜுக்கு நான் எண்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். நாற்பத்தொன்றாம் வருஷம். காரிமங்கலம் மாட்டுச் சந்தையில் லாடம் அடிக்க ஓர் இடத்தைப் பஞ்சாயத்து போர்டு ஏலம் விட்டபோது, குத்தகை கட்ட வாங்கிய பணம் அது. அடுத்த தை முடிவதற்குள் வட்டியோடு திருப்பிக் கொடுக்காவிட்டால் இடம் அவர் பேருக்குப் போகும் என்று பேச்சு.

சென்றாயனாகிய நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் ஆலாம்பாடி எருதை ஒற்றை ஆளாகக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிக்க இந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இடத்தை அளந்து கொடுத்த அன்றே சிக்கல் வந்தது. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து மாட்டுத் தொட்டிக்குக் குழாய் பதிக்கவென்று போர்டு முன்பே ஆறடித் தடம் ஒதுக்கிக் கல் நட்டிருந்தது. குழாய் வரவே இல்லை. பிறகு தொட்டிக்குப் பக்கத்திலேயே கிணறும் வெட்டிவிட்டார்கள். எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன், குமாஸ்தா மறக்கவில்லை. தடத்தில் முளைக்குச்சிகூட அடிக்கக் கூடாது என்றார். அது என் இடத்தின் நடுவே ஓடியது. இருபுறமும் மிஞ்சிய துண்டுகளில் எருதைச் சாய்க்க அகலம் போதாது. இதைக் கேட்டுக் குப்புராஜ் சிரித்தார்.

விடுவேனா நான்? போர்டு கூடும்போதெல்லாம் வாசலில் போய் நின்றேன். துரத்தினால் போவேன், அடுத்த கூட்டத்துக்கு வந்துவிடுவேன். கடைசியில் பிரசிடெண்டு சலித்துப்போய், தண்டோரா போடுவோம், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் தடத்தைக் கைவிடுவதாகத் தீர்மானம் போடலாம் என்றார்.

ஆட்சேபம் வந்தது மாட்டு வியாபாரிகளிடமிருந்து. என் இடத்தில் நின்ற தடக்கல்லுக்கு யாரோ ஒருவன் கைராசிக்கு மஞ்சள் பூசியிருக்கிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பூச, அது முனியப்பனாகிவிட்டது. விலை முடிந்தால் அதன்மேல் கை வைத்துவிட்டுத்தான் மாட்டுக் கயிற்றைக் கைமாற்றுவார்கள். கல்லை எடுத்தால் சந்தையே படுத்துவிடும் என்று பென்னாகரத்துக் கிழவர் மாதப்பன் போர்டில் சொல்லிவிட்டார். வியாபாரிகளுக்கு அவர் சொன்னதுதான் சொல்.

அடுத்த சந்தையில் அவரைக் கல்லின் முன்னாலேயே பிடித்தேன்.

"இந்தக் கல்லுக்குக் குழி தோண்டினதே நாந்தாங்க. நாலணா கூலி குடுத்தாங்க."

"நட்டது நீயா இருக்கலாம்ப்பா. இப்பக் குடியிருக்கறது யாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடம் போனால் மறுபடி ஊர் ஊராக உளி, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

"சாமின்னே வெச்சுக்கலாம். இத்தன வருசமா வெயில்லயும் சாணியிலயும் நிக்க வெச்சிருக்கீங்களே, யாராச்சும் ஒரு ஓலை போட்டீங்களா? மேட்டுப் புளியமரத்தடியில மேடை கட்டி வெக்கறேன். எங் காசுல பொங்கல் வெக்கறேன். நட்ட கைதானே எடுக்குது, கோவம் வந்தா எம்மேலயே வரட்டும்."

கிழவர் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "பொங்கலுக்குக் கடாவும் உண்டா?" என்றார்.

உண்டு என்றேன். கடாவுக்கு என் மனைவி சாலம்மாளின் வெள்ளிக் கொலுசு போயிற்று. கல்லை ஒருவரையும் தொடவிடாமல் நானே பெயர்த்து, தலையில் சுமந்துபோய் வைத்தேன். மாதப்பன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார். ஆடி மாதக் கூட்டத்தில் போர்டு தடத்தைக் கைவிட்டது. மறுநாளே நடுத் தடத்தில் கொட்டகைக்கால் ஊன்றினேன். அதற்குப் பிறகு என் சுத்தியல் ஓயவில்லை. சந்தை இல்லாத நாட்களில் மொரப்பூர் வரைக்கும் நடந்து போய் அடித்தேன்.

தை மாதக் கடைசிச் சந்தையன்று குப்புராஜ் கொட்டகைக்கு வந்தார்.

"என்ன சென்றாயா, பேர மாத்த ஆபீசுக்குப் போலாமா?"

"கையை நீட்டுங்க."

விளையாட்டென்று நினைத்து நீட்டினார். வெள்ளி ரூபாயை ஒவ்வொன்றாக வைத்தேன். கை நிறைந்ததும் மடியில் கொட்டிக்கொண்டு மறுபடி நீட்டச் சொன்னேன். எருதைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, வட்டியில் கடைசி ரூபாயையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.