சாட்சியைத் திரும்ப வாங்கியது

எனக்கு முதுகுவலி குணமானது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அது திரும்பி வந்தது செவ்வாய்க்கிழமை காலையில். இரண்டுக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அது என்னால் முடியாத காரியம் என்று என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையை இருபது வருடமாக நடத்துகிறேன். இருபது வருடமாகக் குனிந்து சோற்றுப்பானை தூக்கியதில் முதுகெலும்புக்குள் ஏதோ ஒரு தட்டு இடம் மாறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பானையைத் தூக்காதே என்றும் சொன்னார். நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றை யார் தூக்குவது, டாக்டரா? கோயோ என்று சீனக்கடையில் விற்கும் மருந்துப் பிளாஸ்டரை முதுகு முழுக்க ஒட்டிக்கொண்டு நாலு வருடம் ஓட்டினேன்.

எங்கள் சபை ஈப்போவை ஒட்டிய லகாட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. சபையில் பாதிப்பேர் ஒரே தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது சபையும் பெட்டி படுக்கையோடு இந்த மாடிக்கு வந்துவிட்டது. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். எங்கள் ஆராதனைக்கு வர விசுவாசம் இருந்தால் மட்டும் போதாது, நல்ல முட்டியும் வேண்டும்.

அந்த ஞாயிறு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, "முதுகுவலியால் வேதனைப்படுகிற ஒரு ஆத்துமா இந்த இடத்தில் இருக்கிறது" என்றார். ஆயுசு முழுக்கப் பால் வாளி சுமந்தவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? பதினாலு பேர் எழுந்து முன்னால் போனோம். கண்ணைத் திறந்து பார்த்த பிரசங்கியார் கொஞ்சம் மிரண்டுபோனார்.

எங்களோடு இன்னொருத்தியும் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். அவள் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அவரை நாற்காலியோடு நாலு பேர் மாடிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். பிரசங்கியார் அவருக்காக அரைமணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஜெபித்தார். அவள் அந்த வலது கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். கை அசையவில்லை. பிறகு பிரசங்கியார் என் தலையில் கை வைத்தார். இரண்டே நிமிடம். "குனியுங்கள்" என்றார். குனிந்தேன். கைவிரல் கால் கட்டைவிரலைத் தொட்டது. நாலு வருடத்தில் முதல் தடவை. அது மட்டும் பொய்யில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சுகம் கிடைத்தால் சுடச்சுட சாட்சி சொல்லிவிட வேண்டும், தாமதித்தால் கிடைத்தது போய்விடும் என்பார்கள். இது எந்த வசனத்தில் இருக்கிறது என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. மைக் என் கைக்கு வந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நான் பிரசங்கமே செய்தேன்.

"ஒரு சந்தேகமும் இல்லாம கேட்டேன், ஆண்டவர் கொடுத்துட்டாரு! கிடைக்காதவங்க கொஞ்சம் உங்க விசுவாசத்த சோதிச்சுப் பாருங்க!"

சந்தேகமே இல்லாமல் கேட்டவள் முதுகில் அப்போது மூன்று கோயோ ஒட்டியிருந்தது. அதை நான் சொல்லவில்லை. என்னை அக்கா என்கிறவள் என்னிடமிருந்து மூன்றடி தள்ளி, கணவர் கையை இன்னும் விடாமல் நின்றுகொண்டிருந்தாள். கைதட்டல் சுகத்தில் அவள் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை சோற்றுப்பானையை இறக்கும்போது முதுகில் மின்னல் வெட்டியது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றேன். வீட்டுக்கு வந்து தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இது நியாயமா ஆண்டவரே" என்று அழுதேன். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைக்கு வருவார், அதுவும் பிரியாணிக்கு.

"போய் மறுபடி வலிக்குதுன்னு சொல்லிடு லா" என்றார்.

"சாட்சி சொல்லியாச்சுங்க. சொன்னத எப்படித் திரும்ப வாங்குறது?"

"ஏன், அதுக்குத் தனியா ஃபாரம் நிரப்பணுமா?"

இவரிடம் ஆவிக்குரிய விஷயம் பேசினால் இப்படித்தான். நான் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னால் ஆண்டவர் பேர் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெட்டுப்போகப் போவது யார் பேர் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

குணமானவளாக வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வலி இருந்தவரைக்கும் ஒரு நாற்காலியைக்கூட என்னை நகர்த்த விட்டதில்லை. இப்போது ஆராதனை முடிந்ததும் பெஞ்சு அடுக்க நான், ஸ்பீக்கர் தூக்க நான். "சிஸ்டருக்குத்தான் முதுகு நல்லாயிடுச்சே, அந்தப் பானையக் கொஞ்சம் புடிங்க" என்று மாடிப்படியில் பிரியாணிப் பானையின் ஒரு காதை என் கையில் கொடுத்தார்கள். கோயோ வாடை பத்தடிக்கு வீசும் என்பதால் சனிக்கிழமையே பிய்த்தெறிந்துவிட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பேன். ஆக, வாரத்தில் வலி உச்சத்தில் இருக்கும் நாள் கர்த்தருடைய நாள்தான்.

எங்கள் சபை பாஸ்டருக்கு என் சாட்சி ரொம்பப் பிடித்துவிட்டது. செமோரில் ஒரு சபையிலும் வந்து சொல்லச் சொன்னார். காரில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு போனேன். அங்கே குனிந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். நிமிரும்போது வலி தாங்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று சபையே எழுந்து நின்று என்னோடு சேர்ந்து அழுதது.

இதற்கிடையில், கணவர் கையை ஏந்தி நின்றாளே, அவள் சபைக்கு வருவது நின்றுபோனது. கணவருக்காக உபவாசத்தில் இருக்கிறாள் என்று சிஸ்டர்கள் மெச்சிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஐந்தாவது வாரம் வலி பொறுக்காமல் பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். ஈப்போவில் எங்கே போனாலும் சபை ஆள் ஒருத்தராவது கண்ணில் படுவார். அங்கே என்னைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, இடுப்பில் சூடான பை ஒன்றைக் கட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்டிலுக்கு யாரையோ நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கூடவே அவளுடைய குரலும்.

அங்கே வேலை செய்யும் மலாய்ப் பெண் அவளிடம், முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது, சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டாள். "புவாசா" என்றாள் இவள். நோன்பாம். இது நோன்பு மாதம் இல்லையே என்று அந்தப் பெண் குழம்பினாள். கணவரின் கைக்காக ஐந்து வாரமாகப் பகலில் சாப்பிடுவதில்லை என்று இவள் தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினாள். நேற்று பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்ததையும் சொன்னாள். எங்கள் சர்ச்சில் ஒரு அக்கா, அவர் சந்தேகமே படாதவர், அவருக்கு முதுகு ஒரே நாளில் குணமாகிவிட்டது, என் நம்பிக்கை சின்னது, அதனால்தான் இவர் கை எழும்பவில்லை என்றாள்.

சந்தேகமே படாத அந்த அக்கா, ஒரு திரைக்கு இந்தப் பக்கம், இடுப்பில் சூட்டுப்பையோடு குப்புறக் கிடந்தாள்.

எழுந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்து நிற்க எப்படியும் மூன்று நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் ஒன்றும் பெரிய தூரமில்லை. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவர்கள் போகும்வரை அசையாமல் கிடந்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் இவள் எங்கேயாவது விழுந்து எழுந்திருக்காமலே போய்விடுவாள், அதற்குக் காரணம் என் வாய்.

அந்த ஞாயிறு நான் மைக் கேட்டேன். பாஸ்டர் சந்தோஷமாகக் கொடுத்தார். கூட்டம் இப்போதே கைதட்டத் தயாராக இருந்தது.

"எனக்கு முதுகு குணமாகல. செவ்வாக்கிழமையே வலி வந்துடுச்சு. இப்பவும் வலிக்குது. இனிமே என்னைப் பானை தூக்கச் சொல்லாதீங்க" என்றேன். கீழே டயர் கடையில் நட்டுக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "அன்னைக்கு விசுவாசத்தைப் பத்திப் பெருசா பேசினேன். தப்பு. விசுவாசம் குறைஞ்சவங்களுக்குத்தான் வலி வரும்னா, ஆண்டவர் கையில ஏன் ஆணி அடிச்சாங்க?"

பாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன், தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், மெதுவாக எழுந்தார்.

"எனக்கு முட்டிவலி போச்சுன்னு சாட்சி சொன்னேன் இல்லையா, சபை தோட்டத்துல இருந்தப்ப? அது போகவே இல்ல."

"அப்புறம் எப்படிண்ணே இத்தனை வருஷம் முட்டி போட்டு ஜெபிச்சீங்க?" என்றேன்.

"போடல லா. பெஞ்சுக்குப் பின்னால உட்காந்திருந்தேன். யார் பார்த்தா?"

அதற்குப் பிறகு அணை உடைந்தது. ஒருத்தருக்கு ஒற்றைத் தலைவலி, ஒருத்தருக்கு மூலம். அதை அவர் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தபோது பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். வாங்கியவர், கேக் கொடுக்கும்போதெல்லாம் உபவாசம் என்று தான் மறுத்தது உபவாசத்தால் அல்ல, சர்க்கரை வியாதியால் என்று சொன்னார். அவர் பெண்டாட்டி முன்வரிசையில் அமர்ந்தபடி, "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார்.

சபை சிரித்தது. ஆனால் கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. டிபன் கேரியரில் சோறும் கோழிக்குழம்பும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கணவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, முன்னால் ஒரு பலகையில் அவருக்குச் சாப்பாடு வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிடந்ததையும் சேர்த்து.

மனப்பாரம் இறங்கி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"அஞ்சு வாரம் அக்கா. பகல் முழுக்கத் தண்ணி மட்டும் குடிச்சிக்கிட்டு. இவருக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம்னு நெனச்சு நெனச்சு செத்தேன். நீங்க மைக்குல சொன்னத நம்பி."

வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். மன்னித்துவிடு என்றுகூடச் சொல்ல முடியாமல் அழுதேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ஆண்டவர் உங்களையும் விட்டுட்டாராக்கா?" என்று கேட்டாள்.

"விடலம்மா. கூடத்தான் இருக்காரு. முதுகு மட்டும் நல்லாகல."

நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. சொன்ன பிறகுதான் உண்மை என்று தெரிந்தது. அந்த ஐந்து வாரத்தில் நான் நடிக்காமல் அழுதது, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அவரிடம் மட்டும்தான்.

அப்போது அவள் கணவர் இடது கையால் தட்டைத் தள்ளினார். பலகையில் சோறு சிந்தியது.

"பாருங்கக்கா, தினமும் மத்தியானம் இப்படித்தான். ஊட்டுறதுக்கு முன்னால தட்டத் தள்ளிவிட்டுருவாரு. பசியில்ல போல, வாய் விட்டுச் சொல்லவும் முடியல" என்று அலுத்துக்கொண்டே தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் மறுபடியும் தள்ளினார்.

"எந்தப் பக்கம் தள்ளுறாருன்னு பாரு" என்றேன்.

தட்டு அவள் பக்கம் வந்து நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் இடது கையால் ஒரு பிடி சோற்றை அள்ளினார். அதை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். பாதி அவள் மடியில் சிந்தியது. மீதியை அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.