பாத்தியம் இல்லாதவர்களைத் தேடிப் படித்தவர்

குந்தாரப்பள்ளி சந்தையில் கறவை மாடு பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தம்பிதான் பேசினார். "சார், நம்ம பத்திர ஆபீஸ் ஜெயந்தி மேடம் போயிட்டாங்க. காலையில கெளம்பும்போதே நெஞ்சு வலின்னாங்களாம்." எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். வம்ச வரலாறு கேட்டு அவரிடம் போனவர்கள் இனி என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். வருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்களில் பலருக்கு அவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். எனக்குப் போட்டியாளர். போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, குடும்ப வரலாறு தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டவன் நான். ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பஸ் ஏறிப் போய், வயசானவர்களைப் பேச வைத்து எழுதுவேன். அவரோ நாற்காலியை விட்டு எழ மாட்டார். இறந்தவரின் இறப்புச் சான்றிதழை வாங்கி வரச் சொல்லி, பதிவான உயிலுக்கு நகல் மனுப் போடுவார். நகல் கைக்கு வந்தால், நான் ஆறு மாதம் அலைந்து சேர்த்தது அவர் மேஜையில் அரைமணி நேரத்தில் இருக்கும். வயிறு எரியுமா, எரியாதா?

"பேசறவங்க மறந்துடுவாங்க சார். சாகப்போறவன் மறக்க மாட்டான். ஒருத்தர் விடாம பேர் சொல்லித்தான் உயில் எழுதுவான்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

என் சொந்த வம்சத்தைப் பற்றி நான் எழுதிய நூல் அச்சாகி வந்ததும் அவருக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். பெருமை காட்டத்தான். நாலு அண்ணன் தம்பிகளிலிருந்து கிளைத்த வம்சம் என்பது நூலின் சாரம். கொள்ளுத்தாத்தாவின் உயிலைப் படம் எடுத்துக் கடைசியில் சேர்த்திருந்தேன். அவர் நேரே அந்தப் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியை மாட்டிப் படித்தார். "சார், லட்சம்மா யாரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இப்படி இருந்தது: 'என் மூத்த குமாரத்தி லட்சம்மாளை மாலூரில் கலியாணம் செய்து கொடுத்தபோதே செய்ய வேண்டிய சீர்களைச் செய்துவிட்டபடியால், அவளுக்கு என் சொத்தில் யாதொரு பாத்தியமும் கிடையாது.' பல வருஷமாக என் பீரோவில் இருந்த காகிதம் அது. எந்த நிலம் எந்த மகனுக்கு என்பதை மட்டும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் நாலு பேர் என்று எழுதியிருந்தேன்.

"யாருக்கு எழுதி வச்சாங்கன்னுதான் எல்லாரும் படிக்கறாங்க. யாருக்கு இல்லைன்னு எழுதினதைப் படிங்க சார். பொம்பளைங்க அங்கதான் இருப்பாங்க."

அத்தோடு விட்டாரா? மாலூர் இருக்கும் கர்நாடகத்துப் பக்கம் தமக்குத் தெரிந்த பத்திர எழுத்தர்களிடம் கன்னடத்தில் பேசிப் பேசி, லட்சம்மாவின் பேரன் ராமப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த வருஷம் எங்கள் குலதெய்வப் பொங்கலுக்கு அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பங்காளிகள் எல்லோரும் ஜெயந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னை எதுக்குப் பார்க்கறீங்க? புக்கு போட்டவரு சாருதான்" என்று என்னைக் காட்டினார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அது இன்னும் சுட்டது.

இரண்டாம் பதிப்பில் லட்சம்மாவைச் சேர்த்தேன். முன்னுரையில், 'இடைவிடாத தேடலில் நான் கண்டறிந்த பெயர்' என்று எழுதினேன். ஜெயந்தியின் பெயரை நன்றி சொல்லும் பக்கத்தில்கூடப் போடவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றுதான். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "பேரு சரியா வந்திருக்கு சார். அது போதும்" என்றார். முன்னுரையைப் படித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

ஜெயந்தியின் காரியத்துக்கு மாலூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். ராமப்பாவின் மனைவி ஜெயந்தியின் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். ரத்த சம்பந்தமுள்ள என்னைப் பார்த்துத் தலையை அசைத்ததோடு சரி. அந்த அழுகையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. செத்தவரிடம்கூடப் பொறாமைப்பட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது ராமப்பா என்னிடம் வந்தார். "அண்ணா, உங்க புக்குல ஜெயந்தி அக்கா பேரு எந்தப் பக்கத்துல இருக்குங்க? நமக்குத் தமிழ் படிக்க வராது. பசங்களுக்குக் காட்டணும்."

"பார்த்துச் சொல்றேங்க" என்றேன்.

எந்தப் பக்கத்திலும் இல்லை, ராமப்பா. இதை யாராவது அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவர்கள், முன்னுரையில் 'நான்' என்பதை அடித்துவிட்டு 'ஜெயந்தி' என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பிரதியில் எழுதிவிட்டேன்.

இப்போது என்னிடம் உயிலைக் கொண்டுவருகிறவர்களுக்கு, யாருக்கு இல்லை என்ற வரியைத்தான் முதலில் படித்துக் காட்டுகிறேன். பலே, எப்படி சார் கண்டுபிடிச்சீங்க என்கிறார்கள். ஜெயந்தி மேடம் சொல்லிக் கொடுத்தது என்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியத்தான் செய்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.