இடப்பக்கச் சத்தம்

என் கேமராவுக்குச் சத்தமே கிடையாது என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் கொடைக்கானலில் குறைவு. நாயுடுபுரத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் என்று வயிற்றுப்பாடு ஓடுகிறது. அந்தப் பிழைப்புக்குத் துளியும் உதவாத ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை, பழையதுதான், வீட்டில் யாரிடமும் கேட்காமல் வாங்கிவிட்டேன். வாங்கியதை நியாயப்படுத்த வேண்டுமே! வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் புராணம்தான்.

மற்ற பெரிய கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது எகிறி விழும், கேமராவே அதிரும். இதில் அந்தக் கண்ணாடி இல்லை. அதனால் மங்கலான வெளிச்சத்திலும் ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தே எடுக்கலாம். இவ்வளவும் உண்மை. நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்து ரேஞ்ச்ஃபைண்டரில் ஷட்டர் என்பது துணித் திரை, மெல்ல நகரும். இதில் இருப்பது உலோகத் தகடு. ‘ச்சக்’ என்று திறந்து மூடும். பிறகு அடுத்த படத்துக்காக உள்ளே ஒரு மோட்டார் அதை இழுத்து வைக்கும். அது ‘ச்ரிக்’ என்னும். அழுத்திய விரலை எடுக்காமல் இருந்தால் அந்த இரண்டாவது சத்தம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மன்னவனூரில் பூண்டு போடும் ஒரு குடும்பம் எனக்குப் பழக்கம். மாதம் ஒருமுறையாவது ஜீப்பை எடுத்துக்கொண்டு படம் எடுக்கப் போய்விடுவேன். ஒருநாள் மேய்ச்சலில் நின்ற செம்மறியின் காதருகே ஷட்டரை அழுத்திக் காட்டினேன். அது தலையைத் தூக்கவில்லை. “பாத்தீங்களா, ஆட்டுக்கே கேக்கல!” என்றேன். அன்று அடித்த காற்றில் வெடி வைத்திருந்தாலும் அதற்குக் கேட்டிருக்காது. அந்த வீட்டுப் பெண் மட்டும் சிரித்தாள்.

“எனக்குக் கேக்குதே அண்ணே. ரெண்டு தடவ கேக்குது.”

“உனக்குப் பாம்புக் காது” என்று கேலி செய்து மழுப்பினேன்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் இறந்து ஆறு வருடம். பிறந்த வீட்டோடு வந்து பூண்டுக் காட்டில் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். மூட்டை ஏற்ற வரும் வேன் டிரைவர், அவரும் மனைவியை இழந்தவர், வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்டார். அவளுக்கு முழுச் சம்மதம். அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை. “சாமிகிட்டக் கேட்டுருவோம். அது சரின்னா எனக்கும் சரிதான்” என்றார்.

அந்தக் குடும்பத்தில் சாமியிடம் கேட்பது என்றால் கவுளி கேட்பது. கவுளி என்பது பல்லிதான். குலசாமி கோயில் மலைக்குக் கீழே, கன்னிவாடிப் பக்கம் இருக்கிறது. விளக்கேற்றிக் கேள்வியைச் சொல்லிவிட்டு எல்லோரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வலப்பக்கம் கவுளி சத்தம் கொடுத்தால் சம்மதம். இடப்பக்கம் கொடுத்தால் வேண்டாம். ஒரு தடவை பதில் வந்துவிட்டால் அதே கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது.

“வெள்ளனே கெளம்பிருவோம் தம்பி” என்று அப்பா சொல்லியிருந்தார். அவர், அம்மா, அவள் மூவரையும் என் ஜீப்பில்தான் இறக்கிக்கொண்டு போனேன். கோயில் ஒரு சின்னக் கல் அறை. பூசாரி வாசலிலேயே என் கழுத்தைப் பார்த்தார். “உள்ள போட்டா எடுக்கக் கூடாதுங்க.” எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கேமராவைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த இடம் இடப்பக்கச் சுவரோரம்.

விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கும் முகம். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் புத்தி போன போக்கைப் பாருங்கள். அவள் வாழ்க்கை அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் ஷட்டரை எட்டில் ஒரு பங்கு நொடி திறந்தால் போதுமா என்று யோசிக்கிறேன். போதும், கை ஆடாது, யாருக்கும் கேட்காது. ஃபோகஸ் தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்து, துண்டை விலக்கி, மடியிலிருந்தே அழுத்தினேன்.

ச்சக்.

அந்தக் கல் அறையில் அது நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. எல்லோரும் இடப்பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். விரலை எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பயத்தில் எடுத்துவிட்டேன்.

ச்ரிக்.

“கவுளி சொல்லிருச்சு” என்றார் பூசாரி. “எடப்பக்கம். ரெண்டு தடவ.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா சாமியைக் கும்பிட்டார். அவள் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. என் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது கவுளி இல்லைங்க, என் கேமரா. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. பூசாரி திட்டியிருப்பார், அப்பா என் ஜீப்பில் ஏறாமல் பஸ்ஸில் போயிருப்பார். அதற்குப் பயந்துதான் பேசவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். சத்தமே வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய், சத்தம் வந்தது என்று சொல்லக் கூசியது. இவ்வளவு அற்பமான காரணம். இதை எழுதும்போதும் அவமானத்தில் காது சுடுகிறது.

மலை ஏறும்போது பின்சீட்டிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “சாமியே வேணாம்னுருச்சு. இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்த்தா.”

“சரிப்பா” என்றாள்.

அதன்பின் எட்டு மாதம் நான் மன்னவனூர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒருவேளை அந்த நேரத்தில் நிஜமாகவே ஒரு கவுளியும் சத்தம் கொடுத்திருக்கலாம் என்று நப்பாசை. வேலையாகக் கீழே பழனிக்குப் போய்த் தங்கிய அறையில் பல்லி கத்தியது. எழுந்து உட்கார்ந்து, ஷட்டரை அழுத்தி அழுத்தி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்சம்கூட ஒத்துவரவில்லை. மறுநாள் வீடு திரும்பாமல் நேராக மன்னவனூருக்குப் போனேன்.

அவள் காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே, “அப்பா இருக்காரா? ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“அந்தக் கவுளி சோலிதானே?” நிமிராமலே கேட்டாள். “இப்பச் சொல்லி என்னாகப் போகுது. வேன்காரருக்குப் போன தையில கல்யாணம் ஆகிப்போச்சு.”

அவள் பூண்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

“அன்னைக்கு நானே சொல்லிருக்கலாம். ஆசையில பொய் சொல்றேம்பாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அதான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“மன்னிச்சுரும்மா” என்றேன். அவள் அடுத்த பூண்டைப் பிடுங்கி மண்ணைத் தட்டினாள். இனி அவளுடைய அப்பாவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

“அந்தப் போட்டா வந்துச்சா அண்ணே?” என்று கேட்டாள்.

“நல்லா வந்திருக்கு” என்றேன். “கொஞ்சம்கூட அசையல.”

சொல்லி முடித்த பிறகுதான் என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது. அவளுக்கு அது எனக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். மண் தட்டிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.