நாக்குக்காரி

என் தம்பி மகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் குமட்டுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தனியாளாக ஒரு பூந்தொட்டிப் பட்டறையை நிலைநிறுத்திக் காட்டியவன் நான். எழுத்து என்ன பெரிய மலையா?

தொட்டி வெந்ததா என்று பார்க்க எங்களிடம் மெஷின் கிடையாது. நாக்குதான். சூளை பிரித்ததும் ஒரு தொட்டியை உடைத்து, உடைந்த ஓரத்தில் நாக்கு நுனியை வைக்க வேண்டும். மண் நாக்கை இழுத்துப் பிடித்தால் வேகவில்லை. ஒட்டாமல் விட்டுவிட்டால் சரக்கு தயார். இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அவளோ ஒன்று போதாதென்று நாலைந்து உடைப்பாள். "எங்க பொண்ணு எவ்வளவு கறார் பாத்தீங்களா!" என்று சரக்கெடுக்க வருகிறவர்களிடம் மார் தட்டுவேன். நாக்குக்காரி என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

ஒரு நாள் சூளை வாயில் நின்றவள் அப்படியே சரிந்தாள். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கை நெருப்புக்குள் போயிருக்கும். தூக்கினால், கடைவாயில் செம்மண் கூழாக வழிகிறது. மடியில் ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தேன். தொட்டிச் சில்லுகள், ஒவ்வொன்றிலும் பல் தடம், எச்சில் பிசுபிசுப்பு. சீ!

"என்னடி கருமம் இது?"

"வாசனையா இருக்கும் பெரியப்பா. வேகாததுதான் ருசி."

ருசியாம்! அத்தனை தொட்டிகளை உடைத்தது கறாருக்காக இல்லை, தீனிக்காக. அதைத்தான் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஒடம்பு தேறாம சூளைப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்."

"வீட்ல உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும் பெரியப்பா. இந்த வேலையை மட்டும் புடுங்கிடாதீங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. நகங்கள் கரண்டி போலக் குழிந்திருந்தன.

"மண்ணு திங்கிறியாம்மா?"

நான் முந்திக்கொண்டு முடிச்சு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒடம்புல இரும்புச்சத்து கொறஞ்சா சில பேருக்கு நாக்கு இப்படிக் கேக்கும் ஐயா. திட்டாதீங்க. இரும்பு, பி-12, துத்தநாகம் எல்லாத்துக்கும் ரத்தம் பாத்துடலாம். புழு இருக்கான்னு மலமும் பாக்கணும்."

அந்தக் கடைசிச் சோதனைதான் என் தலையில் விழுந்தது. அவளுக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை. ஊரே வணக்கம் வைக்கிற இந்தக் கையால் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். மேசை முழுக்க ஊரார் மூத்திரம், வரிசையாக. அதே மேசையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற ஆள், "மூடி சரியா போடலியே பெரியவரே" என்கிறான்! திரும்பி வந்து சோப்பு தேயத் தேயக் கை கழுவினேன்.

மற்ற சத்தெல்லாம் சரியாக இருந்தது. இரும்பு மட்டும் அடிப்பானை வரை சுரண்டியாகிவிட்டது. வயிற்றில் கொக்கிப்புழு குடியிருந்து ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. வெறுங்காலோடு களிமண் மிதிக்கும்போது பாதம் வழியாக ஏறுமாம். கேட்டதுமே என் உள்ளங்கால் கூசியது. மறுநாளே எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டேன். வேறு எந்தப் பட்டறையில் உண்டு, சொல்லுங்கள்!

புழு மாத்திரை, இரும்பு மாத்திரை. மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது என்று கட்டளை. ஒரு நாள் காலையில் நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து வந்து நின்றாள்.

"பெரியப்பா, கறுப்பா போகுது."

"அதை ஏண்டி எங்கிட்ட சொல்றே? மாத்திரைன்னா அப்படித்தான் போகும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல!"

தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். இரும்பு ஏறியிருந்தது. சூளைக்கு வரலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கோ நம்பிக்கை இல்லை. காகிதம் ஒன்று சொல்லும், நாக்கு ஒன்று கேட்கும். சூளை பிரித்த அன்று திருடனைப் பிடிக்க நிற்பவன் மாதிரி அவள் பக்கத்திலேயே நின்றேன். ஒரே ஒரு தொட்டியை உடைத்தாள். ஓரத்தில் நாக்கை வைத்தாள். முகம் கோணியது.

"தூ!" என்று துப்பினாள். "சே, வெறும் மண்ணு! இதையா தின்னேன்? குமட்டுது பெரியப்பா."

என் குமட்டல் ஒருவழியாக அவளுக்கும் வந்து சேர்ந்தது.

"அது கெடக்கட்டும். வெந்திருக்கா?"

"வேகல. நம்பலைன்னா நீங்களே நக்கிப் பாருங்க."

அவள் எச்சில் படாத பக்கமாகப் பார்த்து நக்கினேன். இழுத்துப் பிடித்தது. வேகவில்லைதான்.