ஆனந்தகுமார் சொன்ன இளம் பாறை

ப்ரியம்வதாவுக்கு ஈரோடு. பாறைகளின் வயதைக் கணிக்கும் வேலைக்காக ஹைதராபாத் வந்தவர், குஷாய்குடாவில் ஒரு வாடகை வீட்டில் தனியாகவே நாற்பதைத் தாண்டிவிட்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் அவரோடு தமிழில் பேச ஒருவர்தான் இருந்தார், ஆனந்தகுமார். பேச்சு என்பதைவிடச் சண்டை என்று சொல்லலாம்.

லடாக்கில் ஒரு பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. பூமிக்கடியில் உருகி மேலேறிய கிரானைட் ஒன்று இன்னும் ஆறாமல் கிடக்கிறது, அதுதான் ஆழத்து நீரைச் சூடாக்குகிறது என்பார் ஆனந்தகுமார்.

"அப்படியொரு இளம் பாறை அங்கே இல்லைங்க. பனி உருகின தண்ணி பிளவு வழியா ரொம்ப ஆழம் இறங்கி, சூடாகித் திரும்புது. அவ்வளவுதான்" என்பார் ப்ரியம்வதா.

இளம் பாறை இருந்தால் மின்சாரம் எடுக்குமளவு வெப்பம் கிடைக்கும். இல்லையென்றால் துளையிடுவதே வீண். கேன்டீனில் ஆட்கள் எழுந்துபோன பிறகும் இருவரும் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

சோதனைக்காகப் போட்ட துளையிலிருந்து கல் மாதிரிகள் வந்து சேர்வதற்குள் ஆனந்தகுமார் மாரடைப்பில் இறந்துபோனார்.

கல்லைப் பொடித்து, அதிலிருந்த சிர்க்கான் என்ற கனிம மணிகளைப் பொறுக்கி, ப்ரியம்வதாவே வயதைக் கணித்தார். சில லட்சம் வருடங்கள். கிரானைட்டுக்கு அது குழந்தை வயது. நம்பாமல் வேறு மணிகளை வைத்துப் பார்த்தார். அதே விடை. தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள எதிரே ஆள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அல்வாலில் இருந்த ஆனந்தகுமார் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி விஜயகுமாரி, தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பத்துப் பெண்.

"அக்கா, அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கல்லு இளசுதானுங்க."

விஜயகுமாரி அவரை உட்காரச் சொன்னார். "ஹவ்? நிஜமாவா? வீட்டுக்கு வந்தா உங்களைத்தான் திட்டுவாரு. ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்கன்னு. உங்களைத் திட்டினாத்தான் அவருக்குச் சோறு எறங்கும்."

ப்ரியம்வதாவுக்கு அழுகை வந்தது.

"நக்கோ, அழாதீங்க" என்று விஜயகுமாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்ட்டுப் போங்க."

ஆய்வுக் கட்டுரையில் ப்ரியம்வதா ஆனந்தகுமார் பெயரையே முதலில் போட்டார். பள்ளத்தாக்கில் இன்னும் ஆழமாகத் துளையிட அனுமதி கிடைத்தது. ஆனந்தகுமார் இடத்துக்கு யோகேஷ் என்ற மதுரைக்காரர் வந்தார். மரியாதையானவர். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார். ஒருநாள் ப்ரியம்வதா வேண்டுமென்றே ஒரு தவறைச் சொல்லிப் பார்த்தார். யோகேஷ் அதையும் குறித்துக்கொண்டார்.

சில ஞாயிறுகளில் ப்ரியம்வதா அல்வாலுக்குப் போய்வருகிறார். அங்கே சமையலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசுவார்கள். பாறை பற்றிய பேச்சு வருவதில்லை.