பதினான்கு ‘ஓகே மேடம்’

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் வகுப்பு. பதினான்கு பேர், எல்லாரும் கட்டுமானத் தொழிலாளர்கள். மேற்பார்வையாளர் ஆவதற்கான பாதுகாப்புத் தேர்வு எழுத வேண்டியவர்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கும். கேள்வியைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது எங்கள் தொண்டூழியக் குழுவின் வேலை. நான் இருபது வருடங்களுக்கு மேல் செய்தியாளராக இருந்தவள். இந்த வகுப்புக்கு முன் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை.

முதல் நாள் வகுப்பு முடிந்ததும் ஒருவர் மட்டும் நின்றார். பட்டுக்கோட்டைக்காரர். ஏறக்குறைய என் வயது. பதினோரு வருடமாக இங்கே கம்பி கட்டுகிறார். தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார்.

“இன்னொரு தடவதான் மேடம் கம்பெனில அனுப்புவாங்க. அதுவும் போச்சுன்னா அடுத்த ஆளு பேரக் குடுத்துடுவாங்க. நான் கடைசி வரைக்கும் கம்பிதான்.”

நான்கு வாரம் நடத்தினேன். படங்கள் காட்டினேன், கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். பதினான்கு பேரும் ஒரே குரலில் “ஓகே மேடம்!” என்றார்கள். முடிந்ததும் வருகைத் தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். செங்காங்கிலிருக்கும் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது, எனக்கு இந்த வேலை நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் பத்துக் கேள்விகளுடன் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். எட்டுப் பேர் ஐந்து மதிப்பெண்ணைத் தொடவில்லை. பட்டுக்கோட்டைக்காரருக்கு மூன்று. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். அடுத்த வாரம் நான் வரல. இது என் மண்டையில ஏறாது.”

நான் பதில் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

பக்கத்து அறையில் ஆரம்ப ஆங்கிலம் நடத்துகிறவர் புக்கிட் பாஞ்சாங்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். விடைத்தாள்களை அவரிடம் காட்டினேன்.

“எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொன்னாங்க,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அக்கா, நீங்க ரிப்போர்ட்டர்தானே? ஒரு பெரிய ஆபீசர்கிட்டப் போய் ‘ப்ராஜெக்ட் நல்லாப் போகுதா’ன்னு கேட்டு, அவர் ‘ஆமா’ன்னா, அதையே நியூஸா போட்டுடுவீங்களா?”

“போடமாட்டேன்.”

“அப்புறம் இங்க மட்டும் ஏன் லா?”

கீழே டீக்கடையில் என் வகுப்பின் சிவகங்கைக்காரர் நின்றிருந்தார். வகுப்பில் எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்லிக்கொண்டிருப்பவர். அவருக்கு ஆறு மதிப்பெண். நேராகவே கேட்டேன்: புரியாமல் ஏன் ஓகே சொன்னீர்கள்?

“அது டூல்பாக்ஸ் மீட்டிங் பழக்கம் மேடம்,” என்றார்.

தினமும் காலையில், வேலை தொடங்கும் முன், தளத்தில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம் அது. மேற்பார்வையாளர் ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். முடித்துவிட்டு “அண்டர்ஸ்டாண்ட்?” என்பார். எல்லாரும் “ஓகே பாஸ்!” என்பார்கள். பிறகு கையெழுத்து.

“ஒருத்தன் புரியலன்னு சொன்னா மறுபடி முதல்லேருந்து வாசிப்பாரு. அதுவரைக்கும் அத்தன பேரும் ஹெல்மெட்டோட வெயில்ல நிக்கணும். அப்புறம் அவன சும்மா விடுவாங்களா? அன்னிக்கு முழுக்க அவன்தான் பேச்சு.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “உங்க கிளாஸ்லயும் கையெழுத்துத் தாள் இருக்குல்ல மேடம்? எங்களுக்கு அது போதும்.”

அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. பக்கத்தில் இருப்பவனைக் காக்கவைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லும் ஓகே அது. நான் அதைப் பாடத்துக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே பட்டுக்கோட்டைக்காரருக்குப் போன் செய்தேன். வகுப்புக்கு வரச் சொல்லவில்லை. அதே பத்துக் கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பளு தூக்கும்போது யார் எங்கே நிற்கக் கூடாது, சாரத்தில் எதைப் பார்த்த பிறகு ஏற வேண்டும் என்றெல்லாம். தயங்காமல் சொன்னார். ஒன்பது சரி.

“ஒம்போதா?” என்றார். “அப்ப ஏறாமயெல்லாம் இல்ல.”

“இல்ல. இங்கிலீஷ்ல இருக்கிற கேள்விதான் உங்களுக்குப் பிடிபடல. அதச் சொல்லிக்கொடுக்காதது நான்.”

அடுத்த ஞாயிறு வந்தார், பத்து நிமிடம் தாமதமாக, கடைசி வரிசைக்கு.

வருகைத் தாளை வகுப்பின் தொடக்கத்துக்கு மாற்றினேன். “புரிஞ்சுதா” என்று கேட்பதை நிறுத்தினேன். அதற்குப் பதில், கடைசிப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம். இன்று எந்த இடத்தில் தடுக்கியது என்று மட்டும் எழுதுங்கள். முதல் வாரம் பாதித் தாள் வெறுமையாக வந்தது. ஒன்றில் “எல்லாம்” என்று இருந்தது. மூன்றாம் வாரத்தில் தாள்கள் பேச ஆரம்பித்தன. பெரும்பாலானவர்கள் தடுக்கிய இடம் ஒன்றேதான்: நீளமான கேள்வியில் பாதி படித்ததும் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடைக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த ஒரு விஷயத்துக்காக இரண்டு வகுப்புகள் ஒதுக்கினேன். ஒவ்வொரு வகுப்பையும் போன வாரத்துக் கேள்விகள் மூன்றுடன் தொடங்கினேன். தவறான இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன், மதிப்பெண் இல்லாமல். அவர்களே திருத்தி எழுத வேண்டும்.

இது யாருக்கும் பிடிக்கவில்லை. “மார்க் இல்லாம நாங்க எத வச்சு மேடம் சண்ட போடுறது?” என்றார் சிவகங்கைக்காரர்.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தேன். ஒருவர் விளக்க வேண்டும். மற்றவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், விளக்கியவர் வேறு மாதிரி விளக்க வேண்டும். பட்டுக்கோட்டைக்காரருக்குத் துணை சிவகங்கைக்காரர். அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி இவரை நான்கு முறை விளக்கவைப்பார். “யோவ், உனக்குத் தெரியும்யா!” என்று இவர் கத்துவது பக்கத்து அறை வரை கேட்கும்.

தேர்வுக்கு இரண்டு பகுதி. எழுத்துத் தேர்வு முடிந்ததும் செய்முறை. தேர்வாளர் முன்னால் ஒரு டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்திக் காட்ட வேண்டும். உடன் தேர்வு எழுதுகிறவர்கள்தான் தொழிலாளர்களாக நிற்பார்கள். நடந்ததைப் பட்டுக்கோட்டைக்காரர் அன்று மாலை போனில் சொன்னார்.

“வாய்க்குள்ள ‘அண்டர்ஸ்டாண்ட்’ வந்துடுச்சு மேடம். முழுங்கிட்டேன். ஒரு பங்களாதேஷ்காரத் தம்பியக் காட்டி, நீ சொல்லு, லோடு மேல போகும்போது நீ எங்க நிப்பேன்னு கேட்டேன். அவன் நேரா அடியில போய் நின்னுட்டான்.”

“அப்புறம்?”

“தேர்வாளர் எழுதுறத நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. போச்சு, இவன் என்னக் கவுத்துட்டான்னு நெனச்சேன். வேற வழி? கையால படம் போட்டு மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டேன். இந்தத் தடவ சரியா நின்னான். வெளிய வந்து அவன்கிட்டச் சண்டையே போட்டுட்டேன்.”

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. தேர்ச்சி. செய்முறைக்கு எதிரே தேர்வாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: புரிந்ததா என்பதைச் சோதித்துப் பார்த்தார். பட்டுக்கோட்டைக்காரர் அந்த வரியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, “இது நல்லதா மேடம்?” என்று கேட்டிருந்தார்.

மேற்பார்வையாளர் ஆன முதல் வாரம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் லாரி ஏதோ பின்வாங்கும் சத்தம்.

“மேடம், மீட்டிங்க பிளாக்குக்குக் கீழ நிழலுக்கு மாத்திட்டேன். இன்னிக்கு ரெண்டு பேரு புரியலன்னு சொன்னாங்க.”